காலியான இடமும் மாறிய ஒலியும்: சக்தி இசைக்குழுவின் மேடை குறித்து ஓர் ஆய்வு

கேள்வி

2014 செப்டம்பர் 19 அன்று மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. கர்நாடக இசைக்கு அது என்ன இழப்பு என்பது அன்றே நிறையப் பேசப்பட்டது. அவர் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வாசித்துவந்த 'ரிமெம்பர் சக்தி' குழுவின் மேடைக்கு அந்த மரணம் என்ன செய்தது என்பது மட்டும் அதிகம் ஆராயப்படவில்லை. அந்தக் குழு 2020இல் 'சக்தி' என்ற தன் பழைய பெயரிலேயே மீண்டும் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர் கணேஷ்–குமரேஷ் இரட்டையரில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன். அவர் வாசிப்பது வயலின்.

மாண்டலின் கிடைக்காமல் போகவில்லை. ஸ்ரீநிவாஸின் தம்பி யூ. ராஜேஷ் தேர்ந்த மாண்டலின் கலைஞர். குழுவின் நிறுவனரான கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் சென்னையில் பதிவுசெய்து 2008இல் வெளியிட்ட 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' இசைத்தட்டில் வாசித்தவர். அதே வாத்தியம், அதே வீட்டில் பயின்ற கை, முன்பே பழகிய ஆள். இருந்தும் குழு வேறு திசையில் போனது. அந்த முடிவின் உள்காரணங்களை ஊகிப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. அந்த முடிவால் மேடையில் என்ன கேட்டது என்பதே இதன் பொருள். ஓர் உறுப்பினரை இழந்த குழு தன் ஒலியை எப்படித் திருத்திக்கொள்கிறது? போனவரின் கருவிக்கு இன்னொரு கருவியை வைத்தா, அவர் செய்துவந்த வேலையை மற்றவர்களுக்குப் பங்கிட்டா?

இதுவரையான பார்வைகள்

நம் கச்சேரி மரபில் இந்தக் கேள்விக்கே இடம் குறைவு. பாடகருக்கு இன்று ஒரு வயலின், நாளை வேறொரு வயலின். சபா ஏற்பாடு செய்யும் பக்கவாத்தியம் ஒத்திகை பார்க்காமலேயே வந்து மேடையில் அமரும். அது சாத்தியமாவதற்குக் காரணம், யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மரபே வகுத்து வைத்திருப்பதுதான். ஆலாபனையில் வயலின் பாடகரைப் பின்தொடரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முன்னே போகும், கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும். ஆள் மாறினால் சுவை மாறும், அமைப்பு குலையாது.

மேற்கத்திய ராக் குழுக்களைப் பற்றிய எழுத்துகளில் நேரெதிரான நம்பிக்கை வலுவானது. அங்கே ஒலி என்பது குறிப்பிட்ட சிலர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்து உண்டாக்கியது. ஒருவர் போனால் அதுவும் போய்விட்டது. இதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று லெட் ஸெப்பெலின். டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் 1980 செப்டம்பரில் இறந்தார். டிசம்பரில் குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. 'தி ஹூ' குழு வேறு வழியில் போனது. 1978இல் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் இறந்தபின் கென்னி ஜோன்ஸை அமர்த்தியது. 2002 ஜூன் 27 அன்று, சுற்றுப்பயணம் தொடங்க இருந்த வேளையில், பாஸ் கிதார் கலைஞர் ஜான் என்ட்விஸில் இறந்தபோது, சில நாட்களிலேயே பினோ பல்லடினோவுடன் மேடையேறியது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. மான்செஸ்டரின் 'ஜாய் டிவிஷன்' குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18 அன்று இறந்தார். எஞ்சிய மூவரும் வெளியிலிருந்து பாடகர் யாரையும் கொண்டுவரவில்லை. 'நியூ ஆர்டர்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் கிதார் கலைஞர் பெர்னார்ட் சம்னரே பாடகரானார். பாடிக்கொண்டே கிதார் வாசிப்பது அவருக்குக் கடினமாக இருந்ததால், குரல் ஓயும் இடங்களுக்குக் கிதார் ஒதுங்கியது. அந்த வெற்றிடத்தில் பீட்டர் ஹுக்கின் பாஸ் மேல்ஸ்தாயியில் ராகம் பாடியது, புதிதாக வந்த கில்லியன் கில்பர்ட்டின் கீபோர்டு நிரவியது. குரலை இழந்த குழு தன் கருவிகள் எல்லாவற்றின் வேலையையும் மாற்றி எழுதியது என்றே இதைப் படிக்க வேண்டும்.

சக்தி இந்த மரபுகளில் எதற்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. உறுப்பினர் பலரும் கச்சேரி மரபில் வளர்ந்தவர்கள். ஆனால் குழுவோ தனக்கென்று எழுதிய உருப்படிகளையும், ஒத்திகை பார்த்துக் கோத்த வேகமான ஒருமித்த ஓட்டங்களையும் நம்பியது. அதனால்தான் இழப்பின் விளைவு இங்கே துல்லியமாகக் காதில் விழுகிறது.

சான்றுகளைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை

மேடை ஒலியைப் பற்றி இசைத்தட்டுகளை வைத்து முடிவுகட்டுவதில் ஆபத்து உண்டு. 1976இல் வெளியான முதல் தட்டு, 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அடுத்த இரண்டும், 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யும் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'ஸும், ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. ரிமெம்பர் சக்தி காலத்துத் தட்டுகள் மேடைப் பதிவுகள். 2023இல் வந்த 'திஸ் மொமெண்ட்' பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கோர் இடத்திலிருந்து பதிந்து சேர்த்தது; ஐவரும் ஒரே மேடையில் எப்படி ஒலித்தார்கள் என்பதற்கு அதைத் தனிச் சான்றாக ஏற்க முடியாது. கீழே வரும் ஒப்பீடுகளில் மேடைப் பதிவுகளுக்கே அதிக எடை தருகிறேன்.

மிருதங்கம் விலகியபோது

சக்தியின் வேர்களில் ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மெக்லாக்லின் அங்கே எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். வயலின் கலைஞர் எல். சங்கருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். ஜாகிர் உசேனின் தபலாவும், டி.எச். விக்கு விநாயக்ராமின் கடமும், ராம்நாட் வி. ராகவனின் மிருதங்கமும் சேர்ந்தபோது குழு ஐவரானது. டிரம்ஸ் இல்லை, பாஸ் கிதார் இல்லை. தன் முந்தைய குழுவான மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் மின்சார இடிமுழக்கத்திலிருந்து வந்த மெக்லாக்லின் இங்கே சம்மணமிட்டு அமர்ந்து மரக் கிதாரைக் கையில் எடுத்தார்.

முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் குழுவில் இல்லை. இந்த விலகலை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். தாளக் கலைஞர்கள் மூவரில் ஒருவர் குறைந்தார், அவ்வளவே என்பது போல. நான் இதை ஏற்கவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டியதும் எழும் மந்த்ர நாதத்தை எண்ணிப் பாருங்கள். பாஸ் கிதார் இல்லாத குழுவில் அடித்தளமாக நின்ற இரண்டு ஒலிகளில் ஒன்று அது. மற்றொன்று தபலா ஜோடியின் பெரிய பாதியான டக்காவின் ஒலி. தொப்பி இல்லாமல் போனதும் அடித்தளம் முழுவதும் ஜாகிரின் இடக்கையின் பொறுப்பானது. டக்காவில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் ஒலி வழுக்கி ஏறும், இறங்கும். ஆழமாக அடித்து நிறுத்த வேண்டிய இடத்தில்கூட அது ஒரு சிறு ராகம்போல வளைந்து பேசும். 1976க்குப் பிந்தைய சக்தியில் நாம் கேட்கும் அந்த மிதக்கும் தன்மையின் ஒரு பாதி இந்த வளைவிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

தட்டுகளில் உள்ள கருவிப் பட்டியலும் துணைநிற்கிறது. இரண்டாம் தட்டில் விநாயக்ராம் கடத்தோடு மிருதங்கத்தையும் ஏற்கிறார். மூன்றாவதில் அவர் கஞ்சிராவும் மோர்சிங்கும் வாசிக்க, ஜாகிர் டோலக், பாங்கோஸ், டிம்பலேஸ் என்று விரிகிறார். ஒருவர் போன இடத்தை இருவர் கருவிகளைக் கூட்டி ஈடுகட்டிய கதை இது. ஆனால் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம். மேடையில் ஒரு கை ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் தொடும். அதனால் இந்தப் பட்டியல், குழு உணர்ந்த வெறுமையின் அளவைத்தான் காட்டுகிறது. மேடையில் அது எப்படித் தீர்ந்தது என்பதைக் காட்டவில்லை. 'லா தான்ஸ் து போனர்' உருப்படியின் தொடக்கத்தில் வரும் கொன்னக்கோல் இந்த வகையில் கவனிக்கத்தக்கது. வாய்ச்சொல்லுக்குத் தோலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கருவி ஒன்று குறைந்த குழுவில் சொற்கட்டு மேலும் ஒரு தாளக் கலைஞர்போல அமர்கிறது.

வயலின் இல்லாத மேடை

1978இல் குழு கலைந்தது. 1997இல் பிரிட்டனில் ஒரு சுற்றுப்பயணத்துக்காக மெக்லாக்லினும் ஜாகிரும் விநாயக்ராமும் மீண்டும் கூடியபோது எல். சங்கர் இல்லை. அவருக்குப் பதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். குழுவின் நீண்ட வரலாற்றில் ஒலியை அடியோடு மாற்றியது இந்த மாற்றமே என்று நினைக்கிறேன்.

ஏன் என்பதற்கு 1975இன் ஏற்பாட்டைக் கிட்டப் பார்க்க வேண்டும். கிப்சன் நிறுவனத்தின் கருவிக் கலைஞர் ஆபிரகாம் வெக்டர் மெக்லாக்லினுக்காக உருவாக்கிய கிதாரில் வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, குறுக்குவாட்டில், ஏழு அனுதாபத் தந்திகள் ஓடின. மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. தந்தியை அந்தக் குழிவுக்குள் அழுத்தினால் வீணையில் போல ஸ்வரம் அசையும், கமகம் பிறக்கும். அப்படியிருந்தும் மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். கார்வை என்று நாம் சொல்லும் நீண்டு நிற்கும் ஸ்வரத்தை அந்தக் கிதார் தர முடியாது. வில்லால் அதைத் தந்தவர் சங்கர். வேகமான ஓட்டங்களில் கிதார் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முனையைத் தந்தது, வயலின் அதற்கு உடலைத் தந்தது. இரண்டும் ஒட்டிப் பிறந்த ஒரே கருவிபோல் கேட்டதற்கு இந்த வேலைப் பிரிவினையே காரணம்.

புல்லாங்குழலிலும் கார்வை உண்டு. ஆனால் மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு, சௌராசியாவின் இந்துஸ்தானி மரபுக்கு ஒரு நிதானமும் உண்டு. குழு அவரைச் சங்கரின் வேகத்துக்கு இழுக்கவில்லை. தானே அவருடைய நிதானத்துக்கு நகர்ந்தது. 1999இல் வெளியான இரட்டைத் தட்டில் 'முக்தி' என்ற ஒரே உருப்படி ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. 1975 கச்சேரியில் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முடிந்த 'லோட்டஸ் ஃபீட்' இங்கே ஏழு நிமிடமாகிறது. நேரம் நீண்டது மட்டும் செய்தியல்ல. முன்பு உருப்படியின் எழுதப்பட்ட பகுதி முதுகெலும்பாக இருந்தது. இப்போது ஆலாபனையும் அதிலிருந்து மெல்ல விரியும் மனோதர்மமும் முதுகெலும்பாயின.

இங்கே ஒரு மாற்றுவிளக்கத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 1997 முதல் இந்தக் குழுவில் மெக்லாக்லின் மரக் கிதாரை விட்டு மின்கிதாரில் வாசிக்கலானார். பெரிய அரங்குகளில் ஒலிபெருக்கியோடு வாசிக்கும்போது அனுதாபத் தந்திகள் கொண்ட மரக் கிதார் எளிதில் ஊளையிடும். மின்கிதாருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆக, ஒலியின் மென்மையும் வட்டமும் சங்கர் இல்லாததால் வந்தவை அல்ல, கருவியும் அரங்கும் மாறியதால் வந்தவை என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. மின்கிதார் வந்தது ஸ்ரீநிவாஸ் சேர்வதற்கு முன்பே. எனவே மாண்டலினோடு இசைவதற்காகக் கிதார் மாறியது என்ற எளிய விளக்கமும் நிற்காது. ஆனால் மின்கிதார் நிமிடக்கணக்கான ஆலாபனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தாது. உருப்படிகளின் அமைப்பு மாறியதற்கு ஆள் மாற்றமே பொருத்தமான விளக்கம்.

ஸ்ரீநிவாஸும் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷும் சேர்ந்ததும் குழு மீண்டும் வேகத்தைக் கண்டது. 2000இல் வெளியான 'தி பிலீவர்' அந்த நால்வரின் மேடைப் பதிவு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்மயமாக்கியவர். கர்நாடக கமகங்களை அந்தச் சிறிய கழுத்தில் தந்தியை இழுத்தும் மெட்டின்மேல் வழுக்கியும் கொண்டுவந்தார். இப்போது முன்வரிசையில் மீட்டும் கருவிகள் இரண்டு. கார்வை தருபவர் யாரும் இல்லை. அந்தக் குறையைக் குழு இரு வழிகளில் கையாண்டதாகக் கேட்கிறது. ஸ்தாயியால் பிரிந்தார்கள்: மாண்டலின் மேலே பளிச்சென்று நிற்க, கிதார் நடுவில் இருண்டு ஒலித்தது. ஒருமித்த ஓட்டத்தைவிடக் கேள்வி–பதில் கூடியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுப்பார். பின்னணியில் கடத்தின் மண்ணோசை குறைந்து உடும்புத்தோல் கஞ்சிரா முன்னுக்கு வந்தது. செல்வகணேஷ் அதன் தோலை நனைத்துத் தளர்த்தி, மைக் அருகே அழுத்தி எழுப்பும் தாழ்ந்த ஒலி, இருபது ஆண்டுகளுக்கு முன் தொப்பியோடு போன அடித்தளத்தை ஓரளவு மீட்டது. தந்தை விட்ட இடத்தில் மகன் அமர்ந்தார் என்பது கதையின் பாதி மட்டுமே. மகன் வேறொரு வேலையை ஏற்றார் என்பது மறுபாதி. அதைப் பலரும் கவனிக்கவில்லை.

கார்வை திரும்பியது குரலாக. மும்பையில் பதிவாகி 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' கச்சேரியில் பல விருந்தினர்களுள் ஒருவராகப் பாடிய சங்கர் மகாதேவன் பின்னர் குழுவின் நிலையான உறுப்பினரானார். பாடகரே இல்லாமல் தொடங்கிய ஒரு குழுவுக்குப் பாடகர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு விளம்பரக் காரணங்கள் சொல்லப்படலாம். இசைக்காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. வில்லும் இல்லாமல் மூச்சும் இல்லாமல் தேய்ந்துபோகும் ஸ்வரங்களால் மட்டும் இரண்டு மணி நேர மேடையை நிரப்புவது கடினம்.

ஸ்ரீநிவாஸுக்குப் பின்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். கணேஷ் வந்ததை 'சக்தி தன் மூல ஒலிக்குத் திரும்பியது' என்று வரவேற்றவர்கள் உண்டு. வயலின் மீண்டது, பெயரும் மீண்டது. கேட்க இனிமையான விளக்கம்தான். எனக்கு அது போதவில்லை.

ஒரே உருப்படியை இரண்டு காலங்களில் கேட்டுப் பார்ப்போம். பங்காள ராகத்தில் தியாகராஜர் இயற்றிய 'கிரிராஜசுதா'வை அடிப்படையாகக் கொண்ட உருப்படி 2001 மும்பைத் தட்டிலும் இருக்கிறது, 2023 'திஸ் மொமெண்ட்'டிலும் இருக்கிறது. முதலாவதில் ஸ்ரீநிவாஸின் மாண்டலின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகச் செதுக்கி வைக்கிறது. குரல் அவற்றைக் கோத்துச் செல்கிறது. இரண்டும் தெளிவாக வேறுவேறு வேலை. இரண்டாவதில் குரலும் வயலினும் ஒரே இயல்புடையவை. இரண்டும் இழுக்கும், இரண்டும் நெளியும். எனவே போட்டி வந்துவிடாமல் இருக்க வயலின் குரலின் பக்கத்தில் அமர்ந்து அதன் நிழலாகிறது, பாடல் ஓயும்போது மட்டும் முன்னே வருகிறது. கச்சேரி மேடையில் பக்கவாத்திய வயலின் செய்வதற்கு இது மிக அருகில் இருக்கிறது, 1975இல் கிதாரோடு மல்லுக்கு நின்ற எல். சங்கரின் வயலினுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. 'திஸ் மொமெண்ட்' தொலைவிலிருந்து சேர்த்த பதிவு என்பதால் இந்த ஒப்பீட்டை எல்லைக்குட்பட்டே சொல்கிறேன்.

சிறு வயது முதல் தம்பியோடு இணைந்து வாசித்தவர் கணேஷ் என்பதும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. இரட்டை வயலின் மரபில் ஒரு சங்கதியை இருவர் பகிர்ந்து முடிக்கும் பழக்கம் கைக்குள் இறங்கியிருக்கும். தனியாளாக முன்நிற்காமல் இன்னொரு ஒலியோடு பங்கிட்டுக்கொள்ளும் கலைஞரைத்தான் அந்த மேடை கேட்டது, அப்படிப்பட்ட ஒருவரே கிடைத்தார்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். மாண்டலின் போனதும் மேல்ஸ்தாயியில் ஊசிமுனைபோல் நின்ற அந்தத் தெளிவு சக்தியின் மேடையிலிருந்து போய்விட்டது. மெக்லாக்லினின் கிதார் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முயலவில்லை; முயன்றிருந்தால் அது போலிசெய்தலாகியிருக்கும். 'திஸ் மொமெண்ட்'டின் முதல் உருப்படிக்கு 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று ஸ்ரீநிவாஸின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மாண்டலின் ஒலி இல்லை. ஒரு கலைஞரை நினைவுகூர்ந்துகொண்டே அவருடைய ஒலியை வேறெவரிடமும் கேட்காமலிருந்த அந்தத் தீர்மானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தத் தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது.

ஜாகிர்

2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார். வயது 73. மேலே பார்த்த மாற்றங்களில் ஒரு பொது அம்சம் இந்த மரணத்துக்குப் பிறகே முழுதாகத் தெரிகிறது. ஐம்பதாண்டுகளில் சக்தியின் எல்லா வடிவங்களிலும் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. மெக்லாக்லின் கிதாரை மாற்றினார், ஒலியை மாற்றினார். ஜாகிரும் சில காலம் கருவிகளைக் கூட்டினார். ஆனால் தபலாவும் டக்காவும் எப்போதும் அவர் முன்னால் இருந்தன. மிருதங்கம் போனபோது அடித்தளத்தை ஏற்றது அவருடைய இடக்கை. சௌராசியாவின் நிதானத்தைத் தாங்கியதும், ஸ்ரீநிவாஸின் வேகத்தைத் தாங்கியதும், கர்நாடகக் கோர்வையை இந்துஸ்தானி திஹாயோடு ஒரே சமத்தில் இறக்கியதும் அவரே. மற்ற இடங்களில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்ததற்கு ஓர் இடம் அசையாமல் இருந்ததும் காரணம். ஆகவே பங்கீட்டால் குழு பிழைத்தது என்ற என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு: அந்தப் பங்கீட்டின் அச்சாக இருந்தவரையே பங்கிட முடியுமா என்பதை முந்தைய இழப்புகளை வைத்துச் சொல்ல இயலாது.

செல்வகணேஷின் கஞ்சிராவும் கடமும் கணக்கு முழுவதையும் சுமக்க வல்லவை. லயத்தில் எந்தக் குறையும் நேராது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கடத்தின் சுருதி சுட்ட மண்ணில் உறைந்தது, வாயை வயிற்றோடு அணைத்தால் ஆழம் கூடும், ஆனால் டக்காவைப்போல் ஏறி இறங்கிப் பாடாது. கஞ்சிராவின் வளைவு குறுகியது, நொடியில் அடங்கிவிடும். பாஸ் கிதார் இல்லாமல் 1975இல் தொடங்கி, 1976 முதல் ஒரே கையை நம்பி நின்ற அந்தத் தாழ்ந்த ஒலிக்கு இவற்றில் எதுவும் நேரான மாற்றல்ல. அந்த ஒலியை மெக்லாக்லினின் கிதார் தன் கீழ்த்தந்திகளில் ஏற்குமா, மிருதங்கம் ஐம்பதாண்டுக்குப் பின் மீண்டும் அழைக்கப்படுமா, அல்லது அடித்தளமே இல்லாமல் குரலையும் வில்லையும் சொற்கட்டையும் வைத்து இவ்வுருப்படிகளை எழுத முடியுமா என்பவைதாம் இனி இந்தக் குழுவின் இசையை வாசிக்கத் துணியும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்விகள்.